புதன்கிழமைகளில் வண்டி வேண்டாம்

8 செப்டம்பர் 2021, புதன்

காலை முழுக்க கச்சிராயபாளையம் சாலை முனையில் பதாகையோடு நின்றேன். "வாரம் ஒரு நாள் வண்டி வேண்டாம். புதன்கிழமை பஸ்ஸில், சைக்கிளில், நடந்து." பைக்கில் போன ஒருவர் நிறுத்தி முழுவதையும் படித்தார். படித்துவிட்டு, "ஏம்மா, நீ எதுல வந்த?" என்றார். நடந்து வந்தேன் என்றேன். "வூடு பக்கத்துல இருந்தா நானுந்தான் நடப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

மத்தியானம் தங்கமணி சார் சேலத்திலிருந்து போன் செய்தார். நான் வேலை செய்யும் சுற்றுச்சூழல் அறக்கட்டளையை நடத்துபவர் அவர். கள்ளக்குறிச்சியில் அதற்கு நான் ஒருத்திதான். "பஸ்ஸுல போறவங்ககிட்டயே பஸ்ஸுல போங்கன்னு சொல்லி இன்னா ஆவப் போவுது ஜெயசுதா? கார் வெச்சிருக்கறவங்கள புடிங்க. நாலு பேருக்குத் தெரிஞ்ச முகமா இருக்கணும்."

கார் வைத்திருப்பவர்களை எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் இருப்பது தம்பியின் பைக் ஒன்றுதான்.

தம்பி இப்போதெல்லாம் சிரிக்கிறான். போன மார்கழியில் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் போராட்டத்துக்குப் போய் வந்தவன். சட்டம் வந்துவிட்டது. பத்தரை சதவீதம். "அக்கா, இந்த வாட்டி குரூப் தேர்வுல எனக்கு நிச்சயம் வேலை" என்கிறான். இளவரசன் என்று பேர் வைத்துவிட்டு, இருபத்தேழு வயது வரை அவனை வீட்டில் உட்காரவைத்திருக்கிறோமே என்று அம்மாவுக்குக் கவலை.


11 செப்டம்பர், சனி

இரண்டு தெரு தள்ளி இருக்கும் ருக்ஷானா மிஸ் வீட்டுக்குப் போனேன். சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ஹயாத் பாஷா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் மிஸ் சிவப்புக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு போவதை இந்தப் பகுதியே பார்க்கும். இவர் ஒரு நாள் பஸ்ஸில் போனால் பத்துப் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன்.

டீ கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒரு நாள் வண்டிய வுடுன்னு சொல்ல வந்துட்ட. இந்தச் சாவி என் கைக்கு வர்றதுக்கு இன்னா பாடு பட்டேன் தெரியுமா உனக்கு? எங்க வூட்டு ஆம்பளைங்க யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பாய்க்கே தெரியாது. நான் கத்துக்கினேன், நான் வாங்கினேன். புர்கா போட்டுக்கினு ஒருத்தி கார் ஓட்டறாளேன்னு தெருவே பேசிச்சி. இப்பத்தான் பேசி ஓஞ்சிருக்குது. நீ வந்து எறங்குன்ற."

"ஒரே ஒரு நாள்தான் மிஸ்…"

"காலேஜுக்கு பஸ்ஸுல போன பொம்பள தானே நீயும்? எத்தினி கைய தட்டி வுட்டிருப்ப?"

கல்லூரி நாட்களில் ரவிக்கையில் ஓர் ஊக்கு அதிகமாகக் குத்திக்கொண்டு போவேன். குத்துவதற்கு. அது எனக்கு மறந்தா போயிற்று?

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பூமி சூடாகிறது என்று பேச ஒரு மணி நேரம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.


15 செப்டம்பர், புதன்

யாரும் வரவில்லை. நான் மட்டும் நடந்தேன்.


29 செப்டம்பர், புதன்

நம்பவே முடியவில்லை. காலையில் பஸ் நிலையத்தில் ருக்ஷானா மிஸ் நிற்கிறார்! கையில் சாப்பாட்டுப் பை, தோளில் விடைத்தாள் கட்டு.

"உன் மூஞ்சிக்காக வரல" என்றார் முதலிலேயே. வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தாராம் — ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போனால் ஆளுக்கு எவ்வளவு டீசல், ஒரு காரில் ஒருவர் போனால் எவ்வளவு பெட்ரோல் என்று. கணக்கைப் போட்டு முடித்த ஒரு பெண் எழுந்து, "அப்ப நீங்க ஏன் மிஸ் ஒரு ஆளா வர்றீங்க?" என்று கேட்டுவிட்டதாம். "கணக்கு நான் குடுத்தது. விடை சரி. இன்னா சொல்றது? ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறேன்."

நானும் சின்னசேலம் வரை கூடப் போனேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று தெரிந்தும், காசை நீட்டினார். கண்டக்டர் அய்யனார் கையை ஆட்டினார். "உங்களுக்கு வேணாம் மேடம். எல்லாரும் ஓசிதான் இன்னிக்கி" என்றார். மிஸ்ஸின் முகம் மாறியது. "ஓசி இல்ல, அரசாங்கம் தர்றது. நீங்க சம்பளம் வாங்கறீங்களே, அது ஓசியா?" பஸ்ஸில் இருந்த பூக்காரம்மாவும் காய்க்காரம்மாவும் சிரித்தார்கள். அய்யனாரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். வலப்பக்கம் கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. "இது இவ்ளோ கிட்டயா இருக்குது?" என்றார். தினமும் இந்தச் சாலையில் போகிறவர். "ரோட்டையே பாத்துக்கினு ஓட்டுவேன். எதிர்ல கரும்பு லாரி வரும். மலைய எங்க பாக்கறது?"

இதைத் தங்கமணி சாரிடம் சொன்னேன். "சூப்பர், போட்டோ எடுத்தீங்களா?" என்றார். எடுக்கவில்லை.


13 அக்டோபர், புதன்

ருக்ஷானா மிஸ், அவர் பள்ளியில் இன்னும் இரண்டு டீச்சர்கள், வங்கியில் வேலை செய்யும் சுபஸ்ரீ, என் தோழி ஒருத்தி. ஐந்து பேர்! பஸ்ஸின் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து ஒரே பேச்சு. மிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டே பேசுகிறார். "கார்ல போனா இதெல்லாம் வூட்டுக்குத் தூக்கினு போவணும்" என்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஐந்து பேர் பஸ்ஸில் ஏறினால் உலகம் குளிர்ந்துவிடுமா?


23 அக்டோபர், சனி

இன்று நடந்ததை யாரிடம் சொல்வது.

தங்கமணி சார் வந்து, மலையில் ஒரு கூட்டம், படம் வேண்டும் என்றார். வெள்ளிமலைக்கு மேலே உள்ள ஒரு சிற்றூர். எப்படிப் போனோம்? வாடகை ஜீப்பில். டீசல் ஜீப்பில், நான்கு பேர், மலைப்பாதை வளைவெல்லாம் புகை விட்டுக்கொண்டு — வண்டியை விடுங்கள் என்று சொல்வதற்கு. சாரிடம் கேட்டேன். "அங்க பஸ் நேரத்துக்கு இல்லம்மா, இன்னா பண்றது" என்றார்.

அங்கே பாப்பாத்தி என்று ஒரு அம்மா, கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் கேட்டார்: "பஸ்ஸுல போவச் சொல்ற. சரி. பஸ் எங்க?"

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழை வந்து மண் சரிந்தால் அதுவும் இல்லை. போன மாதம் அவர் மருமகளைப் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் கீழே இறங்கினார்களாம். "உங்க ஜீப்பு அன்னைக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வரும்போதும் அதே ஜீப், அதே புகை. யாரிடம் என்ன சொல்ல வேண்டியவள் நான்? இருக்கிறவர்களிடம் விடு என்பதா, இல்லாதவர்களுக்குக் கொடு என்று கேட்பதா? இரண்டும் ஒரே வேலையா, வேறு வேறா? எனக்குத் தெரியவில்லை.


1 நவம்பர், திங்கள்

கோர்ட்டில் பத்தரை சதவீதம் செல்லாது என்று தீர்ப்பு.

இளவரசன் சாப்பிடவில்லை. டிவியை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அம்மா, "போனா போவுது வுடுடா, படிச்சா வேலை வரும்" என்றார். "எத்தினி வருசம் படிக்கிறது?" என்று மட்டும் கேட்டான்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் இப்படியா.


12 நவம்பர், வெள்ளி

வீட்டில் ஒரே சண்டை. அவன் கூட்டாளிகளோடு மறியலுக்குப் போகப் போகிறானாம். எந்த ஊர், என்றைக்கு என்று சொல்லவில்லை.

"பஸ்ஸ மறிச்சா வேலை வந்துடுமாடா?" என்றேன்.

"மறிக்காம கேட்டப்ப எவன் காது குடுத்தான்? மனு குடுத்தோம். கிராம அலுவலகம், தாலுகா அலுவலகம், எல்லா வாசல்லயும் நின்னோம். ரோட்ட மறிச்சப்பறந்தான் சட்டம் வந்துச்சி. உனக்குத் தெரியாதா?"

"பஸ்ஸுல போறது யாரு? பூக்காரம்மா, ஸ்கூல் புள்ளைங்க. கார்ல போறவன் வேற ரோட்டுல சுத்திப் போயிடுவான்டா."

"அதுக்கு? உன் புதன்கிழமை கெட்டுப் போவுதுன்னு சொல்றியா?"

அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் அதுவும் இருந்ததா? இருந்தது.

அவன் கேட்பது தப்பா? தப்பில்லை. எங்கள் சனத்தில் எத்தனை பேர் கரும்பு வெட்டியே கிழடானார்கள். அப்பாவும் அப்படித்தான். நானும் எம்.ஏ. படித்துவிட்டு பதாகை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பஸ்ஸில் இருப்பவர்கள் பக்கமும் இருக்கிறது. நான் எந்தப் பக்கம்?


24 நவம்பர், புதன்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை பஸ்ஸில் நான் போகவில்லை. அலுவலக வேலை என்று தங்கிவிட்டேன். சின்னசேலம் சாலையில் பாதி வழியில், ஒரு கூட்டு ரோட்டில் முள்மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருக்கிறார்கள். பஸ் நின்றிருக்கிறது. வாக்குவாதம். எங்கிருந்தோ கல். ஜன்னல் கண்ணாடி உடைந்து ருக்ஷானா மிஸ் இடது கையில்… உள்ளங்கைக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. முகத்தை மறைக்கக் கையை உயர்த்தியிருக்கிறார். ரத்தம் நிற்கவே இல்லையாம்.

சுபஸ்ரீ போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். பாதி புரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஹயாத் பாஷா பாய் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கார் வாசல்லயே நிக்குதும்மா" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ரெண்டு பக்கமும் வண்டி அடைச்சிக்கினு கிடந்துச்சாம். ஆம்புலன்ஸ் வர முடியல. ஒரு பையன் பைக்ல தூக்கி வெச்சி, வயல் ஓரமா பூந்து கூட்டினு வந்தான். சட்ட பூரா ரத்தம். பேர் கேட்டேன், சொல்லல. போய்ட்டான்."

சேலத்துக்கு அனுப்புகிறார்கள். நரம்பை ஒட்டவைக்க வேண்டுமாம்.

நான்தான். நான்தானே வா வா என்று கூப்பிட்டேன்.


25 நவம்பர், வியாழன்

கொல்லையில் வாளியில் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. இளவரசனின் சாம்பல் நிறச் சட்டை. தண்ணீர் செம்மண் கலர்.

"பைக்ல இருந்து வுழுந்துட்டானாம்" என்றார் அம்மா. அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை.


26 நவம்பர், வெள்ளி

கேட்டுவிட்டேன். அம்மா கடைக்குப் போன நேரம்.

"அந்த டீச்சர கூட்டினு வந்தது நீதானே?"

தலையை ஆட்டினான்.

"கல்லு அடிச்சது?"

"நான் இல்லக்கா. அம்மா சத்தியமா நான் இல்ல. மரத்த இழுத்துப் போட்டது நான். கல்லு யார் கையிலயும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனோம்."

"அப்ப யாரு?"

அவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போலீஸ் வழக்குப் பதிந்திருக்கிறது, அடையாளம் தெரியாத நபர்கள் மேல். பேர் வெளியே வந்தால் இவனும் அங்கே நின்றவன்தான். ஒரு வழக்கு விழுந்தால் இவன் இத்தனை வருஷம் படித்த படிப்புக்கு அரசாங்க வேலை என்ற பேச்சே இல்லை.

அவனை அடிக்கணும்போல இருந்துச்சி. கட்டிப் புடிச்சி அழணும்போலவும் இருந்துச்சி. இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. துவைச்ச சட்டைய எடுத்து கொடில போட்டேன். ரத்தத்த நானே காயப் போடறேன்.


5 டிசம்பர், ஞாயிறு

சேலத்திலிருந்து மிஸ்ஸை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். கையில் பெரிய கட்டு. விரல்கள் வீங்கி வெளியே தெரிந்தன.

"ரெண்டு மூணு மாசம் ஆவுமாம் மடக்கறதுக்கு" என்றார். "ரைட்டு கை தப்பிச்சுது. போர்டுல எழுதலாம். கியர் போட முடியாது, அவ்ளோதான்."

அவ்ளோதான் என்று சொன்ன விதம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீயா கல்லு வுட்ட?" என்றார். பிறகு அந்தப் பையனைப் பற்றிப் பேசினார். "யார் பெத்த புள்ளயோ ஜெயசுதா. வழியெல்லாம் 'தூங்கிடாதீங்க டீச்சர், தூங்கிடாதீங்க டீச்சர்'னு சொல்லிக்கினே வந்தான். அழுதுகினே ஓட்டினான். அவன் மட்டும் கிடைச்சா…"

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?


8 டிசம்பர், புதன்

பஸ்ஸில் யாரும் வரவில்லை. சுபஸ்ரீ ஸ்கூட்டர் எடுத்துவிட்டாள். நான் யாரையும் கூப்பிடவும் இல்லை.


20 டிசம்பர், திங்கள்

மிஸ் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில்!

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று. "என் கார நான் ஓட்டணும். இல்லன்னா அது நிக்கட்டும். டிரைவர் வெச்சா அவன் வர்ற நேரத்துக்கு நான் கெளம்பணும், அவன் லீவுன்னா நானும் லீவு. பஸ்ஸுக்கு நான் யார கேக்கணும்?"

கூட்டத்தில் ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கண்டக்டர் அய்யனார் தினமும் முன் சீட்டில் இடம் பிடித்து வைக்கிறாராம்.

கேட்டபோது பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே எனக்கு என் மேல் அருவருப்பு. ஓட்ட முடியாமல் ஆனதால் ஏறியவரைப் பார்த்து, நான் சொன்னதற்கு வந்துவிட்டார் என்று பெருமைப்படுகிறேனா?


22 டிசம்பர், புதன்

தங்கமணி சாருக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது.

"கல்லடி பட்டும் பஸ்ஸை வுடாத டீச்சர். இதைவிட நல்ல செய்தி நமக்கு வேணுமா? ஒரு படம், நாலு வரி. வருஷக் கடைசி அறிக்கைக்கு அதான் முதல் பக்கம்."

"அவங்களால கார் ஓட்ட முடியல சார். அதனால பஸ்ஸுல போறாங்க."

"அதை எழுதணும்னு இல்லையே."

"சார், எழுதாம வுட்டா பொய்."

"யோசிங்க ஜெயசுதா. திட்டம் மார்ச்சோட முடியுது. அடுத்த வருஷம் பணம் வரணுமில்ல?" என்று வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

படம் அனுப்ப மாட்டேன்.


2 ஜனவரி 2022, ஞாயிறு

இளவரசன் நேற்று இரண்டு முறை "அந்த டீச்சர் கை எப்படி இருக்குது?" என்று கேட்டான். இன்று காலையில் சட்டை மாற்றிக்கொண்டு, "வாக்கா, போலாம்" என்றான்.

நான் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது மிஸ்தான். அவனைப் பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு. "பாய்! இங்க வாங்க, அந்தத் தம்பி வந்துட்டான்!" பாய் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"டீச்சர், ரோட்ல மரத்த இழுத்துப் போட்டது நாந்தான். கல்லு நான் அடிக்கல. ஆனா மரம் நான் போட்டது."

அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"யார் அடிச்சது?"

"…அத சொல்ல முடியாது டீச்சர்."

"தெரியும், சொல்ல மாட்ட."

"என்கூடப் படிச்சவன். அவனுக்கு அப்பா இல்ல."

"எனக்கு ஒரு கை இல்ல" என்றார் மிஸ். கத்தவில்லை. "அப்ப இன்னாத்துக்கு வந்த? நான் பரவால்ல தம்பின்னு சொல்லணும், நீ நிம்மதியா போவணும், அதுக்கா? போ. போயிடு."

அவன் போனான். நான் எழுந்தேன். என் பக்கம் திரும்பினார்.

"நீ? உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல வரவில்லை. "மறுநாளே தெரியும் மிஸ்."

"தெரிஞ்சிக்கினே வந்து என் பக்கத்துல உக்காந்துகினு இருந்தியா? அவன் யார் பெத்த புள்ளயோன்னு நான் பொலம்பறத கேட்டுக்கினு?"

பாய் கதவைச் சாத்தினார்.


3 ஜனவரி, திங்கள்

ஒன்றும் எழுத வரவில்லை.


14 பிப்ரவரி, திங்கள்

பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிவப்புக் கார் எதிரே வந்தது. மிஸ்தான் ஓட்டினார். இடது கை கியர் மேல். மெதுவாகத்தான் போனது. என்னைப் பார்த்தாரா, தெரியாது. நிறுத்தவில்லை.

அவர் மறுபடி காரை ஓட்டுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்! ஒருவர் கார் ஓட்டுவதைப் பார்த்து ஆனந்தப்படவா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? தங்கமணி சாரிடம் சொன்னால் சிரிப்பார்.


2 மார்ச், புதன்

சுபஸ்ரீ தானாகவே வந்து கேட்டாள், புதன்கிழமை பஸ் இன்னும் உண்டா என்று. "ஸ்கூட்டர்ல போனா பேச ஆள் இல்ல" என்கிறாள். உண்டு என்றேன். இரண்டு பேர் போனோம். அந்தக் கூட்டு ரோடு வந்ததும் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்தினோம். தாண்டிய பிறகு திறந்தோம்.

சின்னசேலத்தில் இறங்கியபோது அய்யனார், "டீச்சரம்மா வாரத்துல ரெண்டு மூணு நாள் கார்ல போயிடறாங்க. மத்த நாள் நம்ம வண்டிதான்" என்றார். கை சரியான பிறகும் வருகிறாரா? ஏன்? எனக்குப் புரியவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

மலைக்கு இன்னொரு பஸ் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாப்பாத்தி அம்மாவும் அந்த ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். இது அறக்கட்டளையின் வேலை இல்லை என்றார் சார். இல்லைதான்.


30 மார்ச், புதன்

நாளைக்கு டெல்லி கோர்ட்டில் பத்தரை சதவீத மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு என்கிறார்கள். டீக்கடையில், வாட்ஸப்பில், எங்கும் அதே பேச்சு. எங்கள் பக்கம் வந்தால் வெடி, வராவிட்டால்?

இளவரசனுக்கு மாலை முழுக்க போன். வெளியே போய்ப் போய்ப் பேசினான். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றான்.


31 மார்ச், வியாழன்

காலையில் எழுந்தால் அவன் இல்லை. பைக் வாசலில் நிற்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. போன் அடித்தால் எடுக்கவில்லை.

பைக்கை விட்டுவிட்டு எங்கே போவான்? யாராவது வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மறுபடி அதே கூட்டு ரோடா? மறுபடி மரமா? அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் சின்னசேலம் சாலை பக்கம் நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். பாதி தூரம் போய் நின்றுவிட்டேன். அங்கே போய் நான் என்ன செய்வேன்? அவனைப் பிடித்து இழுப்பேனா? பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்பேனா?

அப்போது போன். எடுக்கும்போது பேரைப் பார்த்தேன். ருக்ஷானா மிஸ். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான்.

பின்னால் பஸ் சத்தம் கேட்டது. பஸ்ஸில்தான் இருந்தார்.

"எங்க இருக்க?"

"ரோட்டுல மிஸ். நீங்க… இன்னிக்கி பஸ்ஸுலயா? இன்னிக்கி கார்ல போயிருக்கலாமில்ல மிஸ்?"

"இன்னிக்கி ஏறலன்னா இனிமே எப்பவும் ஏற மாட்டேன்னு தோணிச்சி. அத வுடு. உன் தம்பி எங்க இருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியல மிஸ்… காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன்."

"எனக்குப் பின் சீட்டுல உக்காந்துகினு இருக்கான். கள்ளக்குறிச்சியிலயே ஏறினான். என்கிட்ட ஒரு வார்த்த பேசல, நானும் பேசல. நான் சும்மா ஜன்னலோரம் உக்காந்தேன். அந்தக் கூட்டு ரோடு வந்ததும் பின்னாலேர்ந்து கைய நீட்டி, என் ஜன்னல் கண்ணாடி மேல வெச்சிக்கினான். தாண்டற வரைக்கும் எடுக்கல."

அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. நாலு பேரு டீ குடிச்சிக்கினு இருந்தாங்க."

பிறகு பஸ் நின்ற சத்தம், அய்யனாரின் விசில், ஆட்கள் இறங்கும் சத்தம். மிஸ் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "எறங்கி எதிர்ப்பக்கம் போய் நிக்கறான். திரும்பிப் போற பஸ்ஸுக்கு. வூட்டுக்குத்தான் வரான். நீ போ, நாஷ்டா எடுத்து வை."

பதினோரு மணிக்குத் தீர்ப்பு வந்தது. செல்லாது. அவன் சமையலறையில் உட்கார்ந்து அம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே செய்தியைக் கேட்டான். இன்னொரு தோசை கேட்டான்.